கோட்டை ஸ்டாப்பில் நான் இறங்காத வருஷங்கள்

அன்புள்ள அருள்,

போன ஞாயிற்றுக்கிழமை நீயும் கௌசல்யாவும் வந்துவிட்டுப் போனதிலிருந்து உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று தவித்துக்கொண்டிருக்கிறேன். மூன்று முறை போன் போட்டேன். மூன்று முறையும் சாப்பிட்டாயா, ஓசூரில் மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். நேரில் சொல்ல எனக்கு இந்த ஜென்மத்தில் தைரியம் வராது. அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும். பொறுமையாகப் படி. முடிந்தால் படித்த பிறகு கௌசல்யாவுக்கும் படிக்கக் கொடு. அவளுக்குத் தெரியக்கூடாத எதையும் நான் எழுதப் போவதில்லை. என்னைப் பற்றித் தெரிய வேண்டியது நிறைய இருக்கிறது.

அன்றைக்கு நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, பரீட்சையில் பாஸான பையன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாய்: "அப்பா, கௌசி ஞானஸ்நானம் எடுத்துக்கறேன்னு சொல்லிட்டா. பேருகூட பாத்தாச்சு. நம்ம அம்மா மாதிரியே." நான் சரி என்று மட்டும் சொன்னேன். என் மனது குளிர்ந்துவிட்டது என்று நீ நினைத்திருப்பாய். என்னைச் சந்தோஷப்படுத்தத்தான் இவ்வளவும் செய்கிறாய் என்பதும் எனக்குத் தெரியும். இந்த வீட்டுக்கு வரும் பெண் மாதா கோயிலில் மண்டி போடத் தெரிந்தவளாக இருக்க வேண்டும் என்று நீ கல்லூரியில் படிக்கும்போதே உன்னிடம் சொன்னவன் நான்தானே. ஆனால் நீ 'அம்மா மாதிரியே' என்றபோது கௌசல்யா சுவரில் மாட்டியிருந்த உன் அம்மாவின் போட்டோவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. அந்த முகத்தை நான் முன்னாலேயே ஒரு முறை பார்த்திருக்கிறேன். இருபத்திரண்டு வயதில் உன் அம்மாவுக்கு அதே முகம் இருந்தது.

நாங்கள் விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டோம் என்பது உனக்குத் தெரியும். மற்றதெல்லாம் உனக்கு நான் சொன்ன விதத்தில்தான் தெரியும். அப்போது நான் பாலக்கோடு ரூட்டில் கண்டக்டர். அவள் மாரண்டஹள்ளியில் ஏறி தையல் கிளாசுக்குப் பாலக்கோட்டுக்கு வருவாள். பெயர் மாதம்மாள். அவள் அப்பா ஊரில் நிலமுள்ள விவசாயி. தக்காளி, பீன்ஸ் போட்டு தர்மபுரி மார்க்கெட்டுக்கு அனுப்புகிறவர். பெரிய சத்தம் போடத் தெரியாத மனிதர் என்று அவளே சொல்வாள். விஷயம் தெரிந்ததும் அவர் அவளை அடிக்கவில்லை, பூட்டி வைக்கவில்லை. பேச்சை நிறுத்தினார், அவ்வளவுதான். அவள் வீட்டை விட்டு வந்த அன்றும் அவர் வாசலில் வெங்காயம் உலர்த்திக்கொண்டிருந்தாராம். தலை தூக்கிப் பார்க்கவே இல்லையாம்.

என் வீட்டிலும் சும்மா இல்லை. என் அண்ணன், வேறு சாமி கும்பிடுகிற பெண்ணைக் கட்டினால் பங்கு நிலத்தில் கால் வைக்காதே என்றார். அவர் வாயை அடைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, அவளை எங்கள் எல்லோரையும் விடப் பெரிய பக்தையாக்கிக் காட்டுவது. பங்குச் சாமியார் நல்ல மனிதர். அவசரம் ஒன்றும் இல்லை, அந்தப் பெண் நிதானமாக யோசிக்கட்டும், மாறாமலேயே கல்யாணம் செய்துவைக்கவும் வழி இருக்கிறது என்று அவர் என்னிடம் தனியாகச் சொன்னார். அதை நான் அவளிடம் சொல்லவே இல்லை. ஞானஸ்நானம் வாங்கினால்தான் கல்யாணம் என்று சாமியார் சொல்லிவிட்டதாகச் சொன்னேன். கல்யாணத்துக்கு முன்னாலேயே அவளிடம் சொன்ன முதல் பொய் அது. உன் மனம் சம்மதமா என்று சாமியார் அவளிடம் மூன்று தடவை கேட்டார். என்ன பதில் சொல்ல வேண்டும் என்று நான் முந்தின நாளே சொல்லிக்கொடுத்திருந்தேன். அவளும் அப்படியே சொன்னாள். அன்றிலிருந்து அவள் ஸ்டெல்லா மேரி. ரேஷன் கார்டில், உன் ஸ்கூல் சர்டிபிகேட்டில், இப்போது கல்லறையிலும் அந்தப் பெயர்தான். நான் மேரி என்று கூப்பிடும்போது ஆரம்பத்தில் இரண்டாவது முறைதான் திரும்பிப் பார்ப்பாள்.

அவள் எதையும் மறுத்ததில்லை என்பதை நீ பார்த்திருக்கிறாய். ஜெபமாலை சொல்வாள், நோன்பு இருப்பாள், வேளாங்கண்ணிக்கு நடந்தே போனாள். அது நடிப்பு என்று நான் சொல்லவில்லை. மாதாவை அவள் உண்மையாகவே நேசித்தாள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். தர்மபுரி கோட்டைக் கோயிலுக்கு வருஷத்துக்கு ஒரு முறை போய்வர வேண்டும் என்றாள். சாமி கும்பிடக்கூட இல்லை, அந்தக் கல்லில் இருக்கும் கதையைச் சும்மா சுற்றிப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றாள். சின்ன வயதில் கார்த்திகை மாதத்துக் கடைசித் திங்கட்கிழமை அவள் அப்பா மார்க்கெட்டில் காய் இறக்கிவிட்டு அவளை அங்கே கூட்டிப் போவாராம். அம்மன் சன்னதியின் அடிச்சுவரைச் சுற்றி ராமாயணம் முழுவதையும் சாண் அளவு கட்டங்களில் செதுக்கியிருக்கிறார்கள். அவர் ஒவ்வொரு கட்டத்துக்கு முன்னாலும் குந்தி உட்கார்ந்து கதை சொல்வாராம். வீட்டில் பத்து வார்த்தை பேசாதவர் அங்கே ஒரு மணி நேரம் பேசுவாராம்.

நான் முடியாது என்றேன். அடுத்த வருஷமும் கேட்டாள், அப்போதும் முடியாது என்றேன். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. அதற்குள் நான் மொரப்பூர் ரூட்டுக்கு மாறியிருந்தேன். தினமும் நாலு நடை தர்மபுரிக்குள் போவேன். 'கோட்டை கோயில் இறங்கறவங்க வாங்க' என்று நாலு தடவை குரல் கொடுப்பேன். எத்தனையோ பேரை அந்த ஸ்டாப்பில் இறக்கிவிட்டிருக்கிறேன். வெளியூர்க்காரர்கள் காமிராவோடு வருவார்கள். தரையைத் தொடாமல் தொங்குகிற தூண் இருக்கிறதாமே என்று கேட்பார்கள். ஆமாம் என்று பார்த்தவன் மாதிரி சொல்வேன். நான் ஒரு நாளும் இறங்கியதில்லை.

ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்பாய். விசுவாசம் என்றுதான் இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். எனக்குப் பயம். அவள் அந்தக் கோயிலுக்குப் போனால் அவள் அப்பா ஞாபகம் வரும், ஞாபகம் வந்தால் வீடு ஞாபகம் வரும், ஒரு நாள் மாரண்டஹள்ளி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிடுவாள், திரும்பி வரமாட்டாள் என்று பயந்தேன். எல்லாவற்றையும் விட்டுவிட்டு என்னிடம் வந்தவளால் என்னையும் விட்டுவிட முடியும் என்று எனக்குத் தோன்றியது. அந்தப் பயத்துக்குத்தான் சாமி பேரை வைத்தேன்.

இனி நான் எழுதப்போவது நீ நாலாம் வகுப்பு படித்த வருஷம் நடந்தது. அது உனக்கு மறந்திருக்காது. கார்த்திகைக் கடைசித் திங்கட்கிழமை. உனக்கு ஸ்கூல் லீவு. உன் அம்மா உன்னைத் துணி எடுக்கக் கூட்டிப் போவதாகச் சொன்னாள். சாயங்காலம் டிப்போவில் கணக்குக் கட்டிக்கொண்டிருந்தபோது இன்னொரு ரூட் கண்டக்டர் வந்து, உங்க வீட்டுக்காரங்களும் பையனும் இன்னைக்குக் கோட்டை ஸ்டாப்பில் இறங்கினார்களே, விசேஷமா என்று சாதாரணமாகக் கேட்டார். நான் ஆமாம் என்று சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் உன் அம்மாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. உன்னைத்தான் மடியில் உட்கார வைத்துக்கொண்டு, இன்னைக்கு எங்கே போனீங்க சாமி என்று கேட்டேன். நீ முதலில் அம்மாவைப் பார்த்தாய். பிறகு உன்னால் அடக்க முடியவில்லை. "யானைங்க எல்லாம் சேந்து கோயிலத் தூக்கிட்டு நிக்குதுப்பா" என்றாய். ஒரு தாத்தா கதை சொன்னார், குரங்கெல்லாம் கல்லைத் தூக்கிக் கடலில் போடுவதைக் காட்டினார், தூணுக்கு அடியில் பேப்பரை விட்டு அந்தப் பக்கம் எடுத்தார் என்றெல்லாம் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாய்.

அருள், நன்றாகக் கேட்டுக்கொள். நீ சொல்வதற்கு முன்னாலேயே எனக்குத் தெரியும். நீ உன் அம்மாவைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவள் மறுத்துப் பேச முடியாதபடி செய்வதற்காக உன் வாயால் அதை வரவழைத்தேன். ஒன்பது வயதுப் பிள்ளையைச் சாட்சியாக நிறுத்தினேன். அதற்குப் பிறகு நான் செய்ததை நீ பார்த்தாய். நான் கை ஓங்கவில்லை. ஓங்கியிருந்தால் அன்றோடு போயிருக்கும். பைபிளை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்து, உன் தலையில் ஒரு கையும் பைபிள் மேல் ஒரு கையும் வைத்து, இனி அந்தக் கோயில் வாசலை மிதிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்யச் சொன்னேன். அவள் செய்தாள். அவள் குரல் தெளிவாக இருந்தது. நீதான் அழுதாய். அதற்குப் பிறகு ஸ்கூலில் நடந்தது, விளையாட்டில் நடந்தது எதையும் நீ என்னிடம் வந்து சொன்னதில்லை. பையன் வளர்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

வருஷங்கள் போய்விட்டன. நீ படித்தாய், ஓசூரில் வேலைக்குப் போனாய். அவளுக்குச் சர்க்கரை வந்தது. முதலில் காலில் புண், பிறகு பார்வை. பெங்களூருக்குக் கூட்டிப் போகலாம் என்று நீ எவ்வளவோ சொன்னாய். சேலத்திலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டவனும் நான்தான். ஒரு கண் முழுக்கப் போய், மறு கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரியும் என்ற நிலைக்கு வந்தபோது கிட்னியும் சரியில்லை என்றார்கள். போன ஐப்பசியில் சேலத்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்துகொண்டிருந்தோம். டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டுப் பேசியிருந்தார். அவர் என்ன சொன்னார் என்று அவள் கேட்கவில்லை. தொப்பூர் கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்து வண்டிகள் எல்லாம் நின்றுவிட்டன. வெயிலில் இரண்டு மணி நேரம் பஸ்ஸுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தோம். யாருக்காவது அடிபட்டதா என்று கேட்டாள். லாரி டிரைவர் செத்துப்போய்விட்டாராம் என்றேன். அப்புறம் என் பக்கம் முகத்தைத் திருப்பாமலேயே கேட்டாள்: "ஏங்க, அந்தச் சத்தியத்த நீங்களே எடுத்துடலாங்களா? எனக்கு ஒருக்கா கோட்டக் கோயிலுக்குப் போவணும்."

அடுத்த வாரம் ஒரு வியாழக்கிழமை காலையில் கூட்டிப் போனேன். ரிட்டயர் ஆகி ஐந்து வருஷம் கழித்து, பயணியாக, அந்த ஸ்டாப்பில் இறங்கினேன். கூட்டம் இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் பெரிய கோபுரமோ ஆடம்பரமோ கிடையாது. உள்ளே போனால்தான் எவ்வளவு பழசு என்று தெரிகிறது. மண்டபத்துத் தூண்கள் கறுத்து, எண்ணெய் ஏறி, ஆள் கை பட்டுப் பட்டு வழவழத்துக் கிடக்கின்றன. மேற்கூரைக் கல்லிலும் ஆள் ஆளாக உருவங்கள். என் சட்டைப்பையில் ஜெபமாலை இருந்தது. ஏதாவது ஆகிவிடும் என்று பயந்து எடுத்துப் போனேன் போலிருக்கிறது. ஒன்றும் ஆகவில்லை. ஜில்லென்று கல் காலில் பட்டது, அவ்வளவுதான். இதற்குத்தானா இவ்வளவும் என்று எனக்கு அங்கேயே தோன்றியது.

அவள் மண்டபத்தில் நிற்கவில்லை. தொங்கும் தூணைக் காட்டட்டுமா என்றேன். அப்புறம் என்றாள். நேராக அம்மன் சன்னதிக்குக் கூட்டிப் போகச் சொன்னாள். அந்தச் சன்னதி ஆள் உயரத்துக்கு மேலே தூக்கிக் கட்டியது. செங்குத்தான படிகள். கீழே வரிசையாக யானைகள், நீ சொன்னபடியே, முழுக் கட்டடத்தையும் முதுகில் தாங்கிக்கொண்டு நிற்கின்றன. அவற்றைச் சுற்றித்தான் ராமாயணக் கட்டங்கள். அவள் என் கையை விட்டுவிட்டுச் சுவரைத் தொட்டாள். அப்படியே கீழே உட்கார்ந்தாள். புண் ஆறாத காலை மடக்க முடியாமல் ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டு, விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தடவினாள். பிறகு உட்கார்ந்தபடியே நகர்ந்து அடுத்த கட்டத்துக்குப் போனாள். இது வில்லு ஒடிக்கிறது, இது கூனி, இது படகுக்காரர் என்று சொல்லிக்கொண்டே போனாள். சில இடங்களில் மூக்கு முழி எல்லாம் தேய்ந்து வெறும் மேடாக இருந்தது. எனக்குக் கண்ணிருந்தும் அங்கே யார் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. அவள் விரல் வைத்ததும் சொல்லிவிடுவாள். ஒரு இடத்தில் மட்டும் நின்று, இங்கே ஒரு மான் இருக்க வேண்டுமே, இருக்கிறதா பாருங்கள் என்றாள். பார்த்தேன். கொம்பு உடைந்திருந்தது, மான் இருந்தது. இருக்கு என்றேன். அன்றைக்கு அவளுக்கு நான் செய்த உதவி அது ஒன்றுதான்.

மேலே ஏறி அம்மனைப் பார்க்க வேண்டும் என்றாள். தோளைப் பிடித்து ஏற்றினேன். நாலாவது படியிலேயே மூச்சு வாங்கியது. அங்கேயே உட்கார்ந்து மேலே பார்த்துக் கும்பிட்டாள். பார்வை இல்லாதவள் எந்தத் திசையைப் பார்த்துக் கும்பிடுகிறாள் என்று எனக்கே ஒரு மாதிரி இருந்தது. அர்ச்சகர் எங்களைப் பார்த்துவிட்டுத் தட்டோடு இறங்கிவந்தார். பெயர் நட்சத்திரம் எதுவும் கேட்கவில்லை. அவள் உள்ளங்கையில் குங்குமத்தை வைத்துவிட்டு ஏறிப் போய்விட்டார். அவள் மற்றக் கையின் விரலால் அதைத் தொட்டாள். நெற்றிப் பக்கம் கொண்டுபோனாள். பாதியில் நிறுத்தினாள். "வெச்சுக்கட்டுங்களா?" என்று என்னிடம் கேட்டாள்.

முப்பத்தோரு வருஷம் என்னோடு வாழ்ந்தவள், இன்னும் எத்தனை நாள் என்று தெரியாத நிலையில், தன் நெற்றிக்கு என்னிடம் அனுமதி கேட்கிறாள். வைத்துக்கொள் என்ற ஒரு வார்த்தை சொல்ல என் வாய் திறக்கவில்லை. கோபமில்லை அருள், அழுகைதான். ஆனால் அவளுக்கு என் முகம் தெரியாதே. நான் பேசாமல் இருப்பதை மட்டும்தான் அவளால் கேட்க முடிந்தது. என் மௌனத்துக்கு இத்தனை வருஷமும் என்ன அர்த்தமோ அதே அர்த்தத்தை எடுத்துக்கொண்டாள். கையைப் பக்கத்துக் கல்லில் துடைத்தாள். மிச்சத்தை முந்தானையில் துடைத்தாள். "பரவால்லங்க, போலாம்" என்றாள். அவள் கையைப் பிடித்து நிறுத்தி, நானே எடுத்து அவள் நெற்றியில் வைத்திருக்கலாம். படியில் குங்குமம் சிந்திக் கிடந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உடனே அவளால் எழுந்திருக்க முடியவில்லை. படியிலேயே உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் அவள் சொன்னாள். நாலாம் வகுப்பில் உனக்குக் கதை சொன்ன தாத்தா யாரோ வழிப்போக்கர் இல்லை. அவர் உன் அம்மாவின் அப்பா. அந்தக் கடைசித் திங்கட்கிழமை அவர் வருவார் என்று தெரிந்துதான் அவள் உன்னைக் கூட்டிப் போனாள். கல்லைப் பார்க்கப் போகவில்லை, அவரைப் பார்க்கப் போனாள். பேரனைக் காட்டப் போனாள். அவர் அவளோடு பேசவில்லையாம். பேசமாட்டேன் என்று வீட்டில் சொல்லியிருந்தார் போலிருக்கிறது. ஆனால் உன் கையைப் பிடித்துக்கொண்டு முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம் வரைக்கும் கதை சொன்னாராம். பின்னால் நின்ற அவளுக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னாராம். கிளம்பும்போது உன் தலையைத் தடவிவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டே அவளிடம், "மாதம்மா, வர்ற வருஷமும் பையனக் கூட்டியா" என்றாராம்.

அடுத்த வருஷம் நீங்கள் போகவில்லை. ஏன் என்று உனக்கும் எனக்கும் தெரியும். அவர் வந்தாராம். காலையிலிருந்து கோயில் சாத்தும் வரை அந்த யானைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாராம். அதற்கடுத்த இரண்டு வருஷமும் அப்படித்தான். கோயில் வாசலில் பூ விற்கும் அம்மா ஒருத்தி பஸ் ஸ்டாண்டில் பார்த்து இவளிடம் சொல்லியிருக்கிறாள். நாலாவது வருஷம் அவர் வரவில்லை. அந்தச் சமயத்தில் ஒரு நாள் நான் டூட்டி முடிந்து மத்தியானம் வந்தபோது உன் அம்மா தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, துவட்டாமல், ஈரத்தலையோடு அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். என்ன என்று கேட்டேன். தலை இடிக்கிறது, அதுதான் குளித்தேன் என்றாள். மாத்திரை போட்டுக்கொள் என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். அவளே எழுந்து சோறு போட்டாள். அவள் அப்பா செத்த சேதி வந்த நாள் அது. பதினைந்து வருஷம் கழித்து, அந்தப் படியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது.

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன். அவள் உன்னைப் பற்றித்தான் பேசினாள். "பையன்கிட்ட ஒருநாள் சொல்லிடுங்க. அவனாலதான் எல்லாமும்னு இன்னிக்கும் மனசுல வெச்சிருக்கான். எங்கிட்ட ரெண்டு வாட்டி அழுதுருக்கான்" என்றாள். நீ அழுதது எனக்குத் தெரியாது. இரண்டு தடவையும் நான் எங்கே இருந்தேன் என்றுகூடத் தெரியவில்லை. அவளிடம் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். மார்கழி முதல் வாரத்தில் அவள் போய்விட்டாள். அடக்கத்துக்கு நீ வந்து நின்றபோதும் சொல்லவில்லை. முப்பதாம் நாள் பூசையிலும் சொல்லவில்லை. இவ்வளவு நாள் எடுத்துக்கொண்டேன்.

இதெல்லாம் மனதில் கிடந்து புழுங்கிக்கொண்டிருந்தபோதுதான் நீ வந்து 'அம்மா மாதிரியே' என்றாய். வேண்டாம் அருள். அம்மா மாதிரி வேண்டாம். கௌசல்யா தானாக, யாருக்காகவும் இல்லாமல், ஒரு நாள் விரும்பினால் அது அவளுக்கும் கடவுளுக்கும் உள்ள விஷயம். ஆனால் உனக்காகவோ எனக்காகவோ எடுத்துக்கொண்டால் அவள் வாழ்நாளெல்லாம் எதையாவது செய்வதற்கு முன்னால் உன் முகத்தைப் பார்ப்பாள். அப்படிப் பார்க்கிற பெண்ணோடு வாழ்வது சுலபமாகத்தான் இருக்கும். வீட்டில் சண்டையே வராது. நம் வீட்டில் சண்டை இல்லை என்று ஊரே மெச்சியது. அந்த அமைதியை உனக்குச் சொத்தாகக் கொடுக்க எனக்கு இஷ்டமில்லை. இப்போதைய பங்குச் சாமியாரைச் செவ்வாய்க்கிழமை போய்ப் பார்த்தேன். பெண் மாறாமலேயே கல்யாணத்துக்கு அனுமதி வாங்கித்தருவதாகச் சொன்னார். அந்தப் பழைய சாமியார் சொன்ன அதே வார்த்தைகள். அவளை அவள் பேர் சொல்லியே கூப்பிடு.

இன்னொன்றும் செய்தேன். உன்னைக் கேட்காமல் செய்தது தப்பென்றால் திட்டிக்கொள். நேற்று பாலக்கோட்டுக்குப் போய் கௌசல்யாவின் அப்பாவைப் பார்த்தேன். விலாசம் கேட்டு விசாரித்துப் போய்ச் சேர மத்தியானமாகிவிட்டது. நான் யார் என்று சொன்னதும் அவர் உள்ளே வாருங்கள் என்றார். நாற்காலி போட்டார். அந்த வீட்டு அம்மா ஒரு சொம்பு தண்ணீர் வைத்துவிட்டு உள்ளே போனவர் வெளியே வரவில்லை. கதவுக்குப் பின்னால் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. உங்கள் பெண் எதையும் மாற்றிக்கொள்ள வேண்டாம், நான் அப்படிக் கேட்கவில்லை, இனி யாரும் கேட்கமாட்டார்கள் என்றேன். அவர் ரொம்ப நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். காய்கறி மூட்டை தூக்கித் தழும்பேறின கை. பிறகு மரியாதையாகத்தான் சொன்னார்: "நீங்க இவ்ளோ தூரம் வந்து சொல்றீங்க, பெரிய மனசுங்க. ஆனா எம்பொண்ணு உங்க பேச்சக் கேட்டுப் போவலைங்களே. உங்க பையன் பேச்சக் கேட்டுத்தான் வூட்ட விட்டுப் போனா. அவரு வந்து சொல்லட்டுங்க." ஒரு மாதமாக அவர் கௌசல்யாவின் போனை எடுக்கவில்லை. கல்யாணத்துக்கு வருவீர்களா என்று கேட்டேன். வரமாட்டேன் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மழை வராது என்று சொல்கிற மாதிரி சொன்னார். அவருக்கு என் வயதுதான் இருக்கும், ஒன்றிரண்டு கூடவும் இருக்கலாம். போன மாதம் நெஞ்சு வலி என்று இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாராம். பெண்ணிடம் சொல்லக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். இதோ உங்களிடம் நான் சொல்லிவிட்டேன்.

அதனால் தாமதிக்காதே. இந்த ஞாயிறு பூசைக்கு நீ போகாவிட்டாலும் பரவாயில்லை, கேட்பவரிடம் உன் அப்பா சொன்னார் என்று சொல். காலை முதல் பஸ்ஸில் பாலக்கோட்டுக்குப் போ. கௌசல்யாவைக் கூட்டிப் போ. என்னைக் கூப்பிடாதே. நான் வந்தால் நீ பேச வேண்டியதையெல்லாம் நானே பேசிவிடுவேன். அவர் முதலில் உன்னோடு பேசமாட்டார். தண்ணீர் மட்டும் கொடுப்பார். அதை வாங்கிக் குடித்துவிட்டு உட்கார்ந்திரு. அவர் எழுந்து போய்விட்டாலும் உட்கார்ந்திரு. வாசலில் நுழையும்போது மட்டும் நீ பின்னால் நில். அவள் முன்னால் போகட்டும். அவர் முதலில் பார்ப்பது அவர் பெண்ணாக இருக்கட்டும்.

உன் அப்பா